பெட்டிமேல் எழுதாத எண்கள்

அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அவன் அப்பாவுக்கு ஒரு கைபேசி வாங்கி வந்தான். மூன்றாம் நாள் நண்பர்களைப் பார்க்க அவன் பெங்களூர் கிளம்பிவிட, சிம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அத்தானைக் கூட்டிக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைப்பையன் சிம் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கைபேசியை நாலு பக்கமும் திருப்பினான். விளிம்பில் நீள்வட்டமாக, நிறம் சற்று மாறிய ஒரு சிறு தடம் தெரிந்தது. அதில் ஊசியை வைத்து அழுத்தப் போனவனை நல்லவேளையாகத் தடுத்துவிட்டேன். "அப்ப ஓட்டை எங்க சார்?" என்றான். ஓட்டையே கிடையாது. 2022இல் ஐபோன் 14 வந்ததிலிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டு இல்லை; எல்லாம் இ-சிம்தான். பையன் குத்தப் பார்த்தது மில்லிமீட்டர் அலைக்கான ஆண்டெனாவின் ஜன்னல். அதுவும் அமெரிக்காவில் விற்கும் மாடலுக்கென்று வைத்தது.

இ-சிம் கிடைக்க ஒன்றரை நாள் ஆயிற்று. அதுவரை அத்தான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "5ஜி, வைஃபை, ப்ளூடூத்துன்னு எல்லாம் போட்டிருக்கானே, அப்புறம் ஏன் வேலை செய்யல?" அவருக்கு அன்று நான் சொன்ன பதில் சரியாக வரவில்லை. சாவகாசமாக யோசித்து எழுதுவது இது.

இன்றைய கைபேசி ஒவ்வொன்றுக்குள்ளும் குறைந்தது நான்கைந்து ரேடியோக்கள் இருக்கின்றன. டவரோடு பேச ஒன்று. அதற்குள்ளேயே 2ஜி முதல் 5ஜி வரை நான்கு தலைமுறை மொழிகள். வீட்டு ரவுட்டரோடு பேச வைஃபை. காதுக்கருவிக்கும் கைக்கடிகாரத்துக்கும் ப்ளூடூத். விலை கூடிய கைபேசிகளில் தொட்டுப் பணம் கட்ட என்எஃப்சி, தூரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்க அதி-அகலப்பட்டை எனப்படும் யுடபிள்யூபி. செயற்கைக்கோள்களைக் கேட்டு இடம் காட்டும் ஜிபிஎஸ் தனி. அது கேட்கும், பேசாது. ஒவ்வொன்றும் ஒரு தரநிலை. தரநிலை என்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு வேண்டும். கைபேசிப் பெட்டியில் அச்சிட்டிருப்பது ஒரு தரப்பின் கையெழுத்து மட்டும். எதிர்த்தரப்பில் டவர் இருக்கிறது, ரவுட்டர் இருக்கிறது, கடைக்காரரின் கருவி இருக்கிறது; இருவருக்கும் நடுவே அலைக்கற்றையை வைத்திருக்கும் அரசாங்கம் இருக்கிறது. இவற்றில் எது மிகவும் எளியதோ அதன் அளவுக்குத்தான் இணைப்பு நடக்கும். இந்தத் தரநிலைகளின் முப்பது வருஷக் கதையை எந்தப் பக்கம் புரட்டினாலும் எனக்கு இதுதான் தென்படுகிறது.

முதலில் டவர். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு நடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு அது. ஜிஎஸ்எம் ஐரோப்பிய நாடுகள் கூடிப் பேசி உண்டாக்கியது. அதன் பெரிய சாதனை ஒலித்தரமோ வேகமோ இல்லை, சிம் அட்டைதான். எண்ணை ஒரு கருவியிலிருந்து கழற்றி இன்னொன்றில் போடலாம் என்பது அன்றைக்குப் புதுமை. அதற்கு எதிராக அமெரிக்காவின் குவால்காம் வளர்த்த சிடிஎம்ஏ வந்தது. 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்த் திட்டத்தோடு அதைத்தான் தெருத்தெருவாகக் கொண்டுவந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஜிஎஸ்எம்முக்குச் சளைத்ததல்ல. பின்னால் வந்த 3ஜியே அந்த அடிப்படையில்தான் எழுந்தது. ஆனால் அந்தக் கைபேசியை வாங்கினால் கருவியும் எண்ணும் நிறுவனமும் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட மாதிரி. பழைய கைபேசியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு சிம்மை மட்டும் எடுத்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கத்துக்கு அது ஒத்துவரவில்லை.

தலைமுறை எண்களை எல்லாரும் சொல்கிறார்கள். 3ஜியை 2001இல் ஜப்பானின் டோகோமோ தொடங்கியது. எல்டிஇ என்ற 4ஜி 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் வந்தது. 5ஜி 2019இல் தென்கொரியாவில், 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில். இந்த வரிசை ஒப்பிப்பதற்கு நன்றாக இருக்கும். கைபேசி வேலை செய்யுமா என்று இது சொல்லாது. அதைச் சொல்லும் எண் வேறு. கடைக்காரர்கள் அதைப் 'பேண்டு' என்பார்கள். துணிக்கடைப் பேண்டு இல்லை, அலைப்பட்டை. ஒரே 4ஜிக்கு உலகம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டைகள் உண்டு. எந்த நாட்டில் எந்த அலைக்கற்றை காலியாக இருந்ததோ, ராணுவமும் தூர்தர்ஷன் மாதிரி அமைப்புகளும் எதை விட்டுக்கொடுத்தனவோ, அதற்கேற்ப ஒவ்வொரு நாடும் ஒரு பட்டையை எடுத்துக்கொண்டது.

இதன் விளைவை 2012இல் கண்ணாரக் கண்டோம். அந்த ஏப்ரலில் ஏர்டெல் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் 4ஜியைத் தொடங்கியது, 2300 மெகாஹெர்ட்ஸில். அதே ஆண்டு ஐபோன் 5 வந்தது. அதிலும் 4ஜி இருந்தது. ஆனால் அந்த 4ஜியில் 2300 இல்லை. இரண்டு பேரும் தமிழ் தெரிந்தவர்கள்தான், ஒருவர் எழுதுவார், மற்றவருக்குப் படிக்கத் தெரியாது என்பது போல. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது 850, 1800, 2300 என்று மூன்று பட்டைகளில் வந்தது. 2ஜியும் 3ஜியும் அதனிடம் இல்லவே இல்லை. பேச்சும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்குப் பெயர் வோல்ட்இ. 4ஜி இருந்தும் வோல்ட்இ இல்லாத கைபேசிகள் அன்றைக்கு லட்சக்கணக்கில் இருந்தன. அவை இணையத்துக்கு 4ஜியில் இருக்கும். யாராவது கூப்பிட்டால் சட்டென்று 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறும். பேசும்போது இணையம் மந்தமாவதும் நின்றுபோவதும் இதனால்தான். ஜியோவில் இறங்குவதற்குக் கீழே படியே இல்லை. அப்படிப்பட்ட கைபேசிக்காரர்கள் தனியாக ஒரு செயலியை இறக்கி அதன் வழியாகப் பேசினார்கள்.

2022இல் கதை திரும்பவும் நடந்தது. 5ஜி சேவை தொடங்கிவிட்டது, 5ஜி கைபேசியும் கையில் இருக்கிறது, 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் அதில் உண்டு. திரையில் மட்டும் 4ஜி என்றே நின்றது. இந்த முறை குறை மென்பொருளில். எந்த நிறுவனத்தின் வலைப்பின்னலில் 5ஜியைத் திறக்கலாம் என்று கைபேசிக்குள் ஒரு பட்டியல் உண்டு. டவர்க்காரரும் கைபேசிக்காரரும் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே அதில் பெயர் சேரும். ஐபோன்களுக்கு டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் கதவு திறந்தது. இதற்குள்ளும் ஒரு கிளை. ஜியோ 4ஜியைச் சாராமல் தனித்து நிற்கும் 5ஜியைக் கட்டியது. ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் 5ஜியோடு தொடங்கியது. இரண்டுக்கும் திரையில் ஒரே சின்னம்.

பட்டைகளில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. எண் சிறிதானால் அலை தூரம் போகும், சுவரைத் துளைக்கும், ஆனால் சுமக்கும் சுமை குறைவு. எண் பெரிதானால் சுமை அதிகம், தூரம் குறைவு. 700 மெகாஹெர்ட்ஸ் கிராமத்துக்கு ஏற்றது. அத்தான் கைபேசியின் நீள்வட்ட ஜன்னல் கேட்கும் மில்லிமீட்டர் அலையோ ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு மரம், ஏன் கைபேசியைப் பிடித்திருக்கும் உள்ளங்கை குறுக்கே வந்தாலே தடுமாறும். 700 மெகாஹெர்ட்ஸை 2016 ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை, 2021லும் கேட்கவில்லை, விலை அப்படி. 2022இல் ஜியோ வாங்கியது. பிஎஸ்என்எல் தன் 4ஜிக்கு 700ஐயும் 2100ஐயும் வைத்திருக்கிறது. பிஎஸ்என்எல் சிம் போட நினைப்பவர்கள் தங்கள் கைபேசியில் 700க்கான '28' என்ற பட்டை எண் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. பெட்டியின் முன்பக்கம் இதை யாரும் அச்சிடுவதில்லை. கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும்.

இங்கே சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. டவர்கள் பல பத்து வாட் சக்தியில் பேசுகின்றன. கைபேசிக்கு அனுமதி சாதாரணமாக 0.2 வாட். டவர் கத்துகிறது, கைபேசி முணுமுணுக்கிறது. ஆகவே தூரத்தில் முதலில் அறுபடுவது கைபேசியிலிருந்து டவருக்குப் போகும் வழிதான். சிக்னல் கோடு இரண்டு தெரியும், ஆனால் நாம் பேசுவது எதிராளிக்குக் கேட்காது. இதை மனதில் வைத்து ஐஐடி ஹைதராபாத், ஐஐடி மெட்ராஸ், சென்னையில் இயங்கும் செவிட் ஆய்வு மையம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் '5ஜிஐ' என்றொரு தரநிலையை உருவாக்கினார்கள். நம் கிராமங்கள் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. பஞ்சாயத்துக்கு ஒரு டவர் வைத்தால் சுற்றியுள்ள ஊர்களை அது எட்ட வேண்டும். அதற்குக் கைபேசியின் முணுமுணுப்பை இன்னும் உரக்கக் கேட்கச் செய்யும் அலைவடிவம் வேண்டும் என்பது வாதம். ஐநாவின் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதை 5ஜி தரநிலைகளில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது. உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்கள்தான் முகம் சுளித்தன. உலகத்துக்கு ஒரு கைபேசி, இந்தியாவுக்குத் தனிக் கைபேசி என்றால் விலை ஏறும் என்றன. கடைசியில் 2021 டிசம்பரில் 5ஜிஐ தனியாக நிற்பதில்லை என்றும், உலகப் பொதுத் தரநிலையை எழுதும் 3ஜிபிபி அமைப்பின் 17ஆம் பதிப்பில் கரைந்துவிடும் என்றும் உடன்பாடாயிற்று. தோல்வி என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிடிஎம்ஏவுக்கும், 2010இல் 4ஜி என்ற பெயரோடு அமெரிக்காவில் கைபேசிகளில் ஏறி எல்டிஇயிடம் தோற்றுப்போன வைமேக்ஸுக்கும் நேர்ந்ததை நினைத்தால், தனியாக நின்று இறப்பதைவிடப் பொதுப்பதிப்பில் ஒரு பத்தியாக இருப்பது மேல்.

வைஃபைக்கு வருவோம். டவர் அலைக்கற்றை ஏலம் போகும் சொத்து. 2010 3ஜி ஏலத்தில் மட்டும் அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. வைஃபை அலைக்கு யாரும் ஒரு பைசா கட்டுவதில்லை. 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று சில பட்டைகளைத் திறந்துவிட்டது. அவற்றில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் அதே இடம். வேறு யாரும் சீந்தாத புறம்போக்கு. அங்கேதான் 1997இல் 802.11 என்ற தரநிலை குடிசை போட்டது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். அதை வளர்த்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் நெதர்லாந்தைச் சேர்ந்த விக் ஹேஸ். 1999இல் ஒரு விளம்பர நிறுவனத்திடம் காசு கொடுத்து 'வைஃபை' என்ற பெயரை வாங்கினார்கள். அதற்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது. பொது அறிவுப் புத்தகங்கள் தரும் விரிவாக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளின் எதிரொலியைச் சமாளிக்கும் வழியில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஜான் ஓ'சல்லிவனும் தோழர்களும் ரேடியோ வானியலிலிருந்து வந்தவர்கள். வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளைத் தேடிக் கிடைக்காமல் போன அனுபவத்திலிருந்து கணக்கு முறைகள் கிடைத்தன. அந்தக் காப்புரிமைக்காகப் பல நிறுவனங்கள் பின்னாளில் கோடிக்கணக்கான டாலர் கட்ட நேர்ந்தது.

வைஃபைப் பதிப்புகளின் பெயர்க்குழப்பம் 2018வரை இருந்தது. 802.11என், 802.11ஏசி என்று எழுத்துகளால் அடையாளம் சொல்லி யாருக்கும் புரியாமல், அந்த ஆண்டு வைஃபை 4, 5, 6 என்று எண் கொடுத்தார்கள். இப்போது 2024இலிருந்து வைஃபை 7. எண் எளிமையாக்கியது உண்மை, ஆனால் கூடவே ஒரு மயக்கத்தையும் கொண்டுவந்தது. கையில் கைபேசி இருந்தால் இப்போதே பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் வைஃபை அமைப்புக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் 'இணைப்பு வேகம்' என்று ஒரு வரி வரும். அதில் 72 என்று இருந்தால் உங்கள் கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சந்தில், ஒரே ஒரு ஆண்டெனாவோடு வைஃபை 4 பேசுகிறது. 433 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில், 80 அகலத்தில், ஆண்டெனா ஒன்று. 866 என்றால் அதுவே இரண்டு ஆண்டெனா. 1,200 என்றால் வைஃபை 6, இரண்டு ஆண்டெனா, 80 அகலம். 2,400 என்றால் அகலம் 160. விளம்பரத்தில் வைஃபை 6க்கு 9.6 கிகாபிட் என்று போடுவார்கள். அது எட்டு ஆண்டெனா வைத்த கற்பனைக் கருவிக்கு. கைபேசியில் எட்டு ஆண்டெனா வைக்க இடமும் இல்லை, பேட்டரியும் தாங்காது, இரண்டோடு சரி. திரையில் காட்டும் எண்ணும் அப்படியே கைக்கு வருவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பது, பேசியது கிடைத்ததா என்று உறுதி கேட்பது என்று பாதிக்குக் கிட்டப் போய்விடும். ஆகவே 72 காட்டும் கைபேசியை வைத்துக்கொண்டு 200 மெகாபிட் இணைப்புக்கு மாதாமாதம் காசு கட்டுபவர் கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை. அத்தான் வீட்டில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. அவருடைய பழைய கைபேசி 72. புதியது 866. ரவுட்டர் ஐந்து வருஷத்துக்கு முந்தியது, வைஃபை 5; அதற்கு மேல் அதற்குத் தெரியாது.

ஆனாலும் கொல்லைப்பக்க அறைக்குப் போனால் புதுக் கைபேசியும் 2.4க்கே திரும்பிவிடுகிறது. ஒன்றரை அடிச் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டி வருவதற்குள் களைத்துவிடுகிறது. 2.4இல் மோதாமல் நிற்கும் சந்துகள் மொத்தம் மூன்றே: 1, 6, 11. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்களும் இந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கின்றன. வைஃபை கருவிகள் நாகரிகமானவை. பேசுமுன் யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்கும், பேச்சிருந்தால் பொறுத்திருக்கும். கூட்டம் கூடக்கூட நாகரிகமே நேரத்தைத் தின்றுவிடுகிறது. வைஃபை 6 கொண்டுவந்த உண்மையான மாற்றம் இங்கேதான். அதற்கு முன் ஒரு சமயத்தில் ஒரு கருவிக்கு முழுச் சந்தும் போகும், அது அனுப்புவது 'சரி' என்ற ஒரு சொல்லாக இருந்தாலும். இப்போது சந்தைத் துண்டு போட்டுப் பல கருவிகளுக்கு ஒரே சமயத்தில் பங்கிடலாம். ஒரு லாரியில் ஒரே ஒரு கடிதத்தை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த தபால்காரர் ஒருவழியாகப் பையைக் கண்டுபிடித்தார். வேகத்தை விளம்பரம் செய்தவர்கள் இதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் முழுதாக உரிமமின்றித் திறந்தது 2005இல். 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018 அக்டோபரில். 6 கிகாஹெர்ட்ஸை அமெரிக்கா 2020இல் 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மொத்தமாகத் திறந்தது. நம் அரசு அதன் கீழ்ப்பாதியில் 500 மெகாஹெர்ட்ஸைத் திறக்கும் வரைவு விதிகளை 2025 மே மாதம் வெளியிட்டது. மேல்பாதியைக் கைபேசி நிறுவனங்கள் கேட்கின்றன. வைஃபை 7 என்று அச்சிட்ட கைபேசிகளும் ரவுட்டர்களும் அதற்கு ஒரு வருஷம் முன்பே கடைகளில் வந்துவிட்டன. வைஃபை 7இன் பெரும் பெருமை 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சந்து. அந்தச் சந்து 6 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே உண்டு. பட்டை திறக்கும் முன்பே அந்தப் பெருமையை விலை கொடுத்து வாங்கினோம். அந்த 500க்குள்ளும் 320 அகலத்தில் ஒன்றுதான் படுக்க முடியும். போதாக்குறைக்கு, வைஃபை 7 உள்ள ஐபோன் 16இன் ரேடியோ 160க்கு மேல் விரிவதில்லை. எண் ஒன்றுதான், உள்ளே இருப்பது வெவ்வேறு.

டவர் எட்டாத அந்தக் கொல்லைப்பக்க அறையில் அத்தானுக்கு வைஃபைதான் தொலைபேசியும். 2019 டிசம்பரிலிருந்து இங்கே வந்த வோவைஃபை, சாதாரண அழைப்பையே ரவுட்டர் வழியாக அனுப்பிவிடுகிறது. எண் மாறாது, செயலி வேண்டாம். ஏலத்தில் வாங்கிய அலை தோற்ற இடத்தில் புறம்போக்கு அலை அழைப்பைத் தாங்குகிறது. கைபேசி நிறுவனங்கள் ஒருகாலத்தில் வைஃபையைப் போட்டியாளராகப் பார்த்தன. இப்போது அதன் முதுகில் சுமையை இறக்கிவைக்கின்றன.

ப்ளூடூத்தின் வயது வைஃபையின் வயதே. ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் யாப் ஹார்ட்சென் தொடங்கிய வேலை அது. பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னருடையது. தற்காலிகமாக வைத்தார்கள், நிலைத்துவிட்டது. இதுவும் அதே 2.4 புறம்போக்கில் வாழ்கிறது. கூட்டத்தில் பிழைக்க இது வேறு வழி பிடித்தது: 79 சந்துகளுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. தாவும் யோசனையை 1942இல் காப்புரிமை பெற்ற நடிகை ஹெடி லமார்தான் ப்ளூடூத்தைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். அவருக்கும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலுக்கும் அந்தக் காப்புரிமை கிடைத்தது மெய். ஹார்ட்சென் குழு அதிலிருந்து எடுத்ததற்கு ஆதாரமில்லை.

என் தலைமுறைக்கு ப்ளூடூத் என்றால் பேருந்தின் கடைசி வரிசை. அதற்கு முன் அகச்சிவப்புக் கதிர் இருந்தது. இரண்டு கைபேசிகளையும் மூக்கோடு மூக்கு வைத்து, பாட்டு முழுதும் போகும்வரை ஆடாமல் பிடிக்க வேண்டும். ப்ளூடூத் வந்ததும் பையில் போட்டுக்கொண்டே அனுப்பினோம். இன்று கோப்பு அனுப்பும் வேலை அதனிடம் இல்லை. ஏர்டிராப்பும் க்விக் ஷேரும் ப்ளூடூத்தால் பக்கத்தில் யார் என்று கண்டுபிடித்து, சுமையை வைஃபையில் அனுப்புகின்றன. ஆனால் ஐபோனும் ஆண்ட்ராய்டும் பத்து வருஷத்துக்கு மேல் ஒன்றுக்கொன்று ஒரு புகைப்படத்தைக்கூட இப்படி அனுப்பிக்கொள்ளவில்லை. இரண்டிலும் அதே ரேடியோ, அதே தரநிலை. 2025 நவம்பரில்தான் கூகுள் தன் பிக்சல் 10இலிருந்து ஏர்டிராப்போடு பேசும் வழியைக் காட்டியது. ரேடியோ பொதுவாக இருந்தும் நடுவில் சுவர் எழுப்ப நிறுவனங்களால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ப்ளூடூத்தின் பதிப்பு எண்ணும் அப்படியொன்றும் பேசாது. 5.3 என்று போட்ட காதுக்கருவியில் பாட்டு அழகாகக் கேட்கும். அழைப்பு வந்தவுடன் குரல் கிணற்றிலிருந்து வருவது போலாகும். காரணம், பாட்டுக்கு ஒரு வழி, மைக்கோடு பேச்சுக்கு வேறொரு பழைய வழி. இரண்டையும் ஒன்றாக்கும் எல்இ ஆடியோவை 2020இல் அறிவித்தார்கள். அது 5.2க்குப் பிறகு வந்தவற்றில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கட்டாயமில்லை. கைபேசி, காதுக்கருவி இரண்டிலும் இருந்தால்தான் பலன்.

என்எஃப்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஏனென்றால் நம்மிடம் அது தோற்றது. 13.56 மெகாஹெர்ட்ஸ், நாலு சென்டிமீட்டர் தூரம். சோனியும் பிலிப்ஸும் 2002இல் அறிவித்தது அது. ஜப்பானியர்கள் 2004இலிருந்தே இதன் உறவுக்காரத் தொழில்நுட்பத்தால் கைபேசியைத் தட்டிப் பணம் கட்டுகிறார்கள். இங்கே 2016இல் யுபிஐ வந்தது. என்எஃப்சிக்குக் கடைக்காரரிடம் மின்சாரமும் கருவியும் வேண்டும். யுபிஐயின் க்யூஆருக்கு ஒரு அச்சிட்ட தாள் போதும். சாரங்கபாணி கோவில் வாசலில் பூக்காரம்மா அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கூடையில் குத்திவைத்திருக்கிறார். எந்த முனை எளியதோ அது முடிவு செய்தது. யுடபிள்யூபி 2019இல் ஐபோன் 11இல் வந்தது; ஒளி ஒரு நானோநொடியில் முப்பது சென்டிமீட்டர் போகும் என்ற கணக்கை வைத்துத் தொலைந்த சாவியையும் கார்க் கதவையும் கண்டுபிடிக்கிறது. கார் இருப்பவர்கள் கவலைப்படட்டும்.

கடைசியாக, டவரே இல்லாத இடம். ஜிஎஸ்எம்முக்கு உள்ளேயே ஓர் எல்லை எழுதப்பட்டிருக்கிறது: 35 கிலோமீட்டர். கைபேசியின் குரல் டவரை அடையும் தாமதத்தைச் சரிக்கட்டும் எண் அதற்கு மேல் இல்லை. சிக்னல் பலமாக இருந்தாலும் அதைத் தாண்டினால் டவர் ஏற்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் இந்த எல்லைக்கு வெகு அப்பால் இருந்தார்கள். அவர்களிடம் கைபேசி இருந்தது. எச்சரிக்கை போய்ச் சேர வழி இல்லை. 2023இல் தொலைத்தொடர்புத் துறை சோதனை எச்சரிக்கை அனுப்பியபோது ஊரெல்லாம் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தத் தொழில்நுட்பமும் டவரை நம்பியதுதான்.

செயற்கைக்கோளோடு நேரே பேசும் கைபேசிகள் 2022 நவம்பரிலிருந்து அமெரிக்காவில் இருக்கின்றன. ஐபோன் 14இல் ஆபத்துச் செய்தி அனுப்பலாம். 3ஜிபிபி 17ஆம் பதிப்பு, 5ஜிஐ கரைந்த அதே பதிப்பு, செயற்கைக்கோளையும் ஒரு டவராகச் சேர்த்துக்கொண்டது. 2025 ஜூலையில் டி-மொபைல் ஸ்டார்லிங்க் வழியாகச் சாதாரணக் கைபேசிகளுக்குச் சேவை தொடங்கியது. இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைபேசிக்கு அரசின் அனுமதி வேண்டும். தெரியாமல் பையில் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள்.

நம் மீனவர்களுக்கு 2019 அக்டோபரில் வேறொரு வழி வந்தது. ஜெமினி என்று பெயர். இந்தியாவின் ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் அனுப்பும் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் படகில் வைத்த ஒரு சிறு பெட்டி வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து மீனவரின் கைபேசிக்கு ப்ளூடூத்தில் தரும். செயலி தமிழிலும் காட்டும். கைபேசியில் டவர்க் கோடு ஒன்றுகூட இருக்காது, 5ஜி இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பேருந்தின் கடைசி வரிசையில் பாட்டு மாற்றிய அந்தப் பழைய ரேடியோ மட்டும் படகின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடுவே வேலை செய்யும். அந்தப் பெட்டிக்குச் செய்தி வாங்கத் தெரியும். கரைக்குத் திருப்பி அனுப்பத் தெரியாது.